எத்தனை பேரிங்?

அக்கா மகனுக்குத் தூண்டில் பைத்தியம். வேலை வத்தலக்குண்டில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில்தான் கிடப்பான். போன மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவனுடைய பெய்ட்காஸ்டிங் ரீல் (கம்பின் மேல் உட்கார்ந்து, வீசும்போது நரம்பு சுற்றிய உருளையே சுழல்கிற வகை) கையை விரித்துவிட்டது. அன்றைக்கு ராத்திரியே போன். "மாமா, புதுசு வாங்கப் போறேன். இனி பத்து வருசத்துக்குத் தொந்தரவே இருக்கக் கூடாது. எத்தனை பேரிங் உள்ளதா பாக்கட்டும்?" நேரில் வா மாப்ள, பேசிக்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. ரீல் வாங்கக் கிளம்புகிற யாரும் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு ரீல் எத்தனை வருசம் உழைக்கும் என்பதற்கும் அதில் எத்தனை பேரிங் என்பதற்கும் என்ன சம்பந்தம்?

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பெட்டி மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பது அந்த எண்தான். 7+1, 11+1, 18+1 என்று ஏலம் போய்க்கொண்டிருக்கிறது. கடைசியில் வரும் அந்த ‘+1’ கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுக்கிற உருளை கிளட்ச். அதைத் தனியாக எழுதுவதே நியாயம். மிச்சத்தில், நரம்பு சுற்றிய உருளையான ஸ்பூலைத் தாங்குகிற இரண்டும், பினியன் என்கிற சின்னக் கியரையும் கைப்பிடித் தண்டையும் தாங்குகிற ஓரிரண்டும்தான் மெய்யாகப் பாடுபடுகிறவை. கைப்பிடியின் இரண்டு குமிழிலும் இரண்டிரண்டு திணித்தால் எண்ணிக்கையில் நான்கு ஏறிவிடும். சுற்றும்போது விரலுக்குச் சுகமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த நான்கும் ரீலின் ஆயுளை ஒரு நாள்கூட நீட்டாது. மட்டமான எஃகில் செய்த பேரிங் என்றால் துருப் பிடிக்க இன்னும் நாலு இடம் கிடைத்தது என்று அர்த்தம்.

சிக்கு விழாமல் வீசுவது எப்படி, இடக்கையா வலக்கையா என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. கட்டைவிரல் பழகும்வரை சிக்கு விழும். அதற்கு எந்தக் கம்பெனிக்காரனும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது உழைப்பைப் பற்றிய கேள்வி மட்டும்தான்.

விராலின் இழுப்பு

எங்களுக்குப் பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம். மேலே கொடைக்கானல் ஏரி இருக்கிறது. 1863-இல் லெவிஞ்ச் துரை ஓடைகளை மறித்துக் கட்டியது. அங்கே கெண்டைக்குக் கோதுமை மாவு உருண்டையும், கம்புக்குக் கீழே தொங்குகிற சாதாரண ஸ்பின்னிங் ரீலும் போதும். ஏன், ஒரு மூங்கில் கம்பும் தூண்டில் நரம்பும் தக்கையுமே போதும். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் டிரவுட் தேடுகிறவர்களுக்கும் பெய்ட்காஸ்டிங் ரீல் தோதுப்படாது. அந்த மீனுக்கு வீசுகிற ஸ்பின்னர் என்ற சுழலும் தகட்டு இரை மூன்று கிராம், ஐந்து கிராம் இருக்கும். அவ்வளவு லேசான எடை சாதாரண பெய்ட்காஸ்டரின் ஸ்பூலைச் சுழற்றிக்கொண்டு தூரம் போகாது. அதற்கென்றே இலகுவான ஸ்பூல் போட்ட ரீல்கள் இப்போது வருகின்றன, அது வேறு கதை, வேறு பட்ஜெட்.

இந்த ரீலுக்கு நிஜமான வேலை மலை அடிவாரத்தில். மருதாநதி அணை, மஞ்சளாறு அணை, அய்யம்பாளையம், பட்டிவீரன்பட்டிப் பக்கத்துக் கண்மாய்கள். மீன்பாசி குத்தகை எடுத்தவரிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டுதான் தூண்டிலை எடுக்க வேண்டும். குறி விரால். செவுளோடு காற்றையும் குடிக்கிற மீன் ஆதலால் அடிக்கடி மேலே வரும். ஆகாயத்தாமரை மண்டிய ஓரம், அல்லி இலை, கோரைத் தண்டு இடுக்கு என்று மனிதன் எதை வீசினாலும் சிக்கிக்கொள்ளும் இடமாகப் பார்த்துத்தான் குடியிருக்கும். அங்கே போடுவது ரப்பர் தவளை. பத்துப் பதினைந்து கிராம் எடை, முள் இரண்டும் முதுகோடு ஒட்டி இருப்பதால் தழையில் மாட்டாது. இந்த எடை பெய்ட்காஸ்டருக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி.

தவளையை இலை மேல் தட்டித் தட்டி இழுத்து வரும்போது கீழிருந்து ‘பொளக்’ என்று தண்ணீர் திறக்கும். ஒரு மூச்சு பொறுத்து, கம்பை வெட்டி இழுக்க வேண்டும். அதற்கப்புறம் ஒரு முழம் நரம்பை விட்டுக் கொடுத்தாலும் மீன் தண்டுக் காட்டுக்குள் புகுந்து நாலு சுற்றுச் சுற்றிவிடும், கதை முடிந்தது. அதனால் விரால்காரர்கள் டிராக்கை முழுசாக முறுக்கி வைப்பார்கள். ரீலில் விட்டுக் கொடுக்கத் தெரிந்த ஒரே உறுப்பு டிராக்தான், அதையும் நாமே பூட்டிவிடுகிறோம். நாற்பது, ஐம்பது பவுண்டு தாங்குகிற பிரெய்டு, அதாவது பின்னல் நரம்பு, கொஞ்சமும் நீளாது. ரெண்டு கிலோ மீனோடு ஒரு கூடை ஆகாயத்தாமரையும் வேரோடு சேர்ந்து வரும். இந்த இழுப்பு முழுக்க எங்கே போய் இறங்குகிறது? பெரிய கியர், பினியன், பின்தடுப்பு கிளட்ச், கடைசியில் இதையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிற சட்டம். சட்டம் மயிரிழை வளைந்தாலும் கியர்ப் பற்கள் முழு அகலத்துக்கும் பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் உரசும். ஓரம் தேய ஆரம்பித்த கியரை எந்த கிரீஸும் காப்பாற்றாது.

இடையில் ஒன்று. குஞ்சோடு திரிகிற விராலை விட்டுவிடுங்கள். சிவந்த குஞ்சுக் கூட்டம் தண்ணீரின் மேல் மொய்த்துக்கொண்டு தெரியும், கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் ஆத்திரத்தில் அடிக்கும். அதைப் பிடித்துப் படம் போடுவதில் என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மருமகனின் ரீல் செத்ததும் இப்படித்தான். பிளாஸ்டிக் சட்டம், பெட்டியில் இரட்டை இலக்கப் பேரிங் எண்ணிக்கை. முதலில் நரம்பு ஸ்பூலின் ஒரு பக்கத்தில் மட்டும் குவிய ஆரம்பித்தது. பிறகு சுற்றும்போது கரகரவென்று சத்தம். பிறகு, நரம்பை ஸ்பூலில் பரப்பிச் சுற்றவைக்கிற லைன் கைடு நடுவழியில் நின்றேவிட்டது. வாங்கின இடத்தில் கேட்டதற்கு, "பார்ட்ஸ்லாம் வராதுங்க, புதுசு எடுத்துக்கங்க" என்றார்களாம்.

வாட்ச் கடை

ஊருக்கு வந்தபோது செத்த ரீலையும் கொண்டு வந்திருந்தான். திறந்து பார்க்கலாம் என்றால் ஒரு திருகின் தலை வழித்துப்போய் ஸ்குரூடிரைவருக்குப் பிடி கொடுக்கவில்லை. வத்தலக்குண்டில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். இறங்கும்போது அவரிடம் காட்டலாம் என்று கிளம்பினோம். போகிற போக்கில் என்னுடைய பழைய ரீலையும் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதிலும் லைன் கைடு ஒரு இடத்தில் தயங்கித் தயங்கித் திரும்பிக்கொண்டிருந்தது.

என்னுடையது அம்பாசடர் 5000. சுவீடன் நாட்டு ஆபு கம்பெனி ரீல். அப்பா எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். துரை ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது துப்பாக்கி ஸ்டாண்டு, கிராமபோன் என்று ஆளுக்கொன்று கொடுத்ததில் அப்பாவுக்கு வந்தது இது. சிவப்புப் பக்கத் தகடுகள், வெள்ளியாக மின்னும் சட்டம், தோல் பெட்டி. அடிப்பாதத்தில் பொறித்திருக்கும் எண் 76 என்று தொடங்கும். 1976-இல் செய்தது என்று படித்துக்கொள்ள வேண்டும். அப்பா மீன் பிடித்து நான் பார்த்ததில்லை. அவருக்கு அது அலமாரியில் வைத்து அழகு பார்க்கிற சாமான்.

பாய் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு முதலில் மருமகன் ரீலை எடுத்தார். வழித்த திருகை ஏதோ செய்து கழற்றினார். உள்ளே நாலு அளவில் திருகுகள். ஒன்றைக் கழற்றினால் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. ஒரு சுருள்வில் எகிறி எங்கோ போய், மூன்று பேரும் மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடினோம். ஒருவழியாக லைன் கைடின் மறைத்தண்டு வெளியே வந்தது. நரம்பை இடமும் வலமுமாக நடத்திக்கொண்டு போகிற, குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளம் வெட்டிய தண்டு. அந்தப் பள்ளத்துக்குள் ஒரு சின்ன உலோக நகம் இறங்கி ஓடும். அந்த நகம்தான் லைன் கைடைத் தள்ளிக்கொண்டு போவது. பாய் தண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது தேயலை தம்பி. அறுத்திருக்கு," என்றார். நகம் கெட்டியாக, புதுசாகவே இருக்கிறது. தண்டு மெத்தென்ற வார்ப்பு உலோகம், பள்ளத்தின் கரையெல்லாம் கிழிந்து தூள் கிரீஸோடு சாந்தாகக் கிடக்கிறது. விலை குறைந்த, சுலபமாக மாற்றக்கூடிய துண்டு பிழைத்துக்கொண்டது. மாற்ற முடியாத பெரிய துண்டு போய்விட்டது.

அடுத்தது சிவப்பு ரீல். கைப்பிடிப் பக்கம் விளிம்பில் சொரசொரப்பான தலையோடு மூன்று திருகு. பாய் ஸ்குரூடிரைவரைத் தேடினார். வேண்டாம் பாய், விரலாலேயே திருகுங்கள் என்றேன். மூன்றையும் தளர்த்தியதும் ஒரு பக்கம் அப்படியே கையோடு வந்தது. ஸ்பூல் தனியாக, கியர் இருக்கும் தகடு தனியாக. பித்தளைக் கியரின் ஓரத்தில் பழைய கிரீஸ் பச்சை பாசியாக உறைந்திருந்தது, துடைத்தால் பற்கள் கூர்மையாக நின்றன. பிறகு தோல் பெட்டியைக் கவிழ்த்தேன். ஒரு சின்னச் சாவி, எண்ணெய்க் குப்பி, ஒரு குட்டிக் குழாய். குழாயைத் திறந்து வெள்ளைக் காகிதத்தில் தட்டியதும் இரண்டு பிரேக் கட்டைகளும் பச்சரிசி அளவில் ஒரு உலோகத் துண்டும் விழுந்தன.

"இது எதுக்குத் தம்பி?"

லைன் கைடுக்கு அடியில் இருக்கிற மூடியைக் காட்டினேன். சாவியால் ஒரு திருகு, மூடி வந்தது, உள்ளிருந்து பழைய நகமும் வந்து விழுந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லென்ஸை மருமகன் கண்ணுக்குக் கொடுத்தார். புது நகத்தின் முனை பிறைபோல நறுக்கென்று இருந்தது. பழையதன் முனை ஒரு பக்கமாகச் சரிந்து, மழுங்கி, திரும்புகிற இடத்தில் பிடிமானம் இல்லாமல் இருந்தது. தயங்கியதற்குக் காரணம் அதுதான். தண்டைச் சுற்றிப் பார்த்தோம். இத்தனை வருசத்துக்குப் பிறகும் பள்ளத்தின் கரைகள் நேராக இருந்தன.

பாய் சிரித்தார். "எது தேயும்னு செஞ்சவனுக்கே தெரிஞ்சிருக்கு. அதான் கையோட குடுத்து அனுப்பிருக்கான்." புது நகத்தை வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூடியைத் திருகிக் கொடுத்தார். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. "இதுக்குக் காசு வேணாம், வேலையே இல்ல. அதுக்கு மட்டும் நூறு ரூவா குடுங்க," என்று மருமகன் ரீலைக் கண்ணால் காட்டினார்.

எனக்கு உறுத்திக்கொண்டிருந்த விஷயம் அந்த மேசையில்தான் தெளிந்தது. தேயாத ரீல் என்று ஒன்று கிடையாது. மண்ணும் தண்ணீரும் இழுப்பும் படுகிற இயந்திரம் எங்காவது தேய்ந்தே தீரும். எது தேய வேண்டும் என்று செய்கிறவன் முன்கூட்டியே முடிவெடுத்திருக்கிறானா, அந்தத் துண்டு விலை குறைந்ததா, நம் கை எட்டுகிற இடத்தில் வைத்திருக்கிறானா, நாளைக்குக் கேட்டால் கிடைக்குமா, இவைதான் கேள்விகள். அம்பாசடர் என்றே பேர் வைத்த நம்மூர்க் காரும் இந்த ஜாதிதான். அதைத் திறக்கத் தெரியாத மெக்கானிக் ஒரு ஊரிலும் இருந்ததில்லை.

வாட்ச் மேசையில் ரீல் அவ்வளவு சொந்தமாகப் பொருந்தியதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு என்பது பிற்பாடு தெரிந்தது. அமெரிக்காவின் கென்டகி மாநிலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர் தன் உபயோகத்துக்குச் செய்துகொண்டதிலிருந்துதான் இந்த வகை ரீலின் வம்சம் தொடங்குகிறது. கைப்பிடி ஒரு சுற்று, ஸ்பூல் பல சுற்று என்பது கடிகாரப் பற்சக்கரக் கணக்குத்தானே. ஆபு கம்பெனியும் 1921-இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கியதுதான். அப்புறம் டாக்ஸி மீட்டர் செய்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டாக்ஸி மீட்டருக்குக் கிராக்கி போனதும் அதே மிஷின்களையும் ஆட்களையும் வைத்து ரீலுக்கு மாறினார்கள். 1950-களில் சிவப்பு அம்பாசடர் 5000 வந்தது. இன்னொரு பெரிய ரீல் கம்பெனியான ஷிமானோவும் அதே 1921-இல் ஜப்பானின் சகாய் நகரத்தில் ஆரம்பித்த பட்டறை. முதலில் செய்தது சைக்கிள் ஃபிரீவீல். மீன்பிடிச் சாமானுக்கு 1970-இல்தான் வந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் விடுகிற வித்தை ஃபிரீவீல்காரர்களுக்குக் கைவந்த கலை. ரீலின் பின்தடுப்பு கிளட்சுக்கும் வேண்டியது அதேதான்.

பழசெல்லாம் பொன் இல்லை

இதைப் படித்துவிட்டு யாராவது பழைய அம்பாசடரைத் தேடி இணையத்தில் ஏலம் கேட்கப் போனால் அதற்கு நான் பொறுப்பில்லை. அது கால் கிலோவைத் தாண்டுகிற உருண்டை ரீல். கம்பின் மேல் உயரமாக உட்கார்ந்திருக்கும். உள்ளங்கைக்குள் அடங்காது. காலையிலிருந்து தவளை வீசிக்கொண்டே கரையைச் சுற்றி வந்தால் மதியத்துக்குள் மணிக்கட்டு கெஞ்சும். பின்தடுப்புக்கு அந்தக் காலத்துப் பல்லும் கொக்கியும்தான், கொக்கி விழும்வரை கைப்பிடி கொஞ்சம் பின்னால் ஆடும். விராலை வெட்டி இழுக்கிற நொடியில் அந்த ஆட்டம் எரிச்சலைக் கிளப்பும். சுற்று வேகமும் குறைவு. இணையத்தில் விற்பவை பல, நாலு ரீலிலிருந்து பொறுக்கிச் சேர்த்த கலவை. ஒன்றின் தகடு, இன்னொன்றின் கியர்.

அதனால் மருமகனுக்கு நான் சொன்னது புது ரீல்தான், கம்போடு ஒட்டி உட்காருகிற தாழ்வான வடிவத்தில். ஆனால் பார்க்கிற வரிசை வேறு. முதலில் சட்டம். அலுமினியத்தில் ஒரே வார்ப்பாக இருக்க வேண்டும். பக்கத் தகடு பிளாஸ்டிக்காக இருந்தால் பரவாயில்லை, ஸ்பூலையும் கியரையும் தாங்குகிற எலும்பு மட்டும் உலோகமாக இருந்தாக வேண்டும். கடையில் எடுத்து, ஒரு கையால் ரீலின் இரண்டு பக்கத்தையும் நெரித்துக்கொண்டே மறுகையால் கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். நெரிக்கும்போது சுற்று இறுகினால் சட்டம் வளைகிறது. பிறகு ஸ்பூலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். வெறுமனே சுற்றும்போது வெண்ணெயாக இருக்கிற ரீல் பலவும் சுமை ஏறியதும் கியரின் பல்லெல்லாம் விரலுக்குச் சொல்லிவிடும். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

இரண்டாவது கியர். எடை குறைக்க அலுமினியக் கலவையில் பெரிய கியர் போடுகிறார்கள், போட்டிக்கு வீசுகிறவர்களுக்கு அது சரி. கண்மாயில் தழையோடு மல்லுக்கட்ட பித்தளை. கொஞ்சம் கனம் கூடும், தேய்மானம் குறையும். கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் எத்தனை சுற்று என்கிற விகிதத்தில் ஆளாளுக்கு ஒரு கட்சி. தவளைக்கு 7:1-க்கு மேல் வேண்டும், தொங்குகிற நரம்பைச் சீக்கிரம் சுருட்டிவிடலாம் என்பார்கள், உண்மைதான். ஆனால் விகிதம் ஏற ஏற ஒரு சுற்றுக்குக் கை தள்ள வேண்டிய சுமையும் ஏறும், அந்தச் சுமை பினியன் பல்லில்தான் இறங்கும். எனக்கு 6.3:1 போதும். டிராக்கில் ஃபெல்ட்டுக்குப் பதில் கார்பன் வாஷர். வீசும்போது ஸ்பூல் தறிகெட்டுச் சுழலாமல் அடக்குகிற பிரேக்கில் காந்தமா, மையவிலக்குக் கட்டையா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. உழைப்பைப் பொறுத்தவரை எதுவும் சரிதான். அலுமினிய ஸ்பூலைக் காந்தம் இழுக்காது. ஆனால் அது காந்தத்துக்குப் பக்கத்தில் வேகமாகச் சுழலும்போது அதற்குள்ளேயே மின்னோட்டம் எழுந்து அதன் வேகத்தை மட்டுப்படுத்தும். எதுவும் எதையும் தொடுவதில்லை, அதனால் தேய ஒன்றுமில்லை. கட்டை வைத்த பிரேக்கில் கட்டை தேயும், அது சில்லறைக் காசு.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். அந்த மாடலின் உள்பாகங்களைப் பிரித்துப் போட்ட வரைபடத்தைக் கம்பெனி வெளியிட்டிருக்கிறதா? ஒவ்வொரு பாகத்துக்கும் எண் இருக்கிறதா? லைன் கைடின் நகம், மறைத்தண்டு, டிராக் வாஷர், பின்தடுப்பு கிளட்ச் இவை நாலும் தனியாக விற்கிறார்களா? போன் செய்து கேட்டால் "பார்த்துச் சொல்றோம் சார்" என்று இழுத்தால் அடுத்த கம்பெனிக்குப் போய்விடலாம். பக்கத் தகடு நாணயத்தாலோ நெம்புகோலாலோ கண்மாய்க் கரையிலேயே திறக்கும்படி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இப்படி வடிகட்டியதில் நடுத்தர விலையில் மூன்று நாலு ரீல்தான் தேறின. அவன் எடுத்ததன் பெட்டியில் 5+1 என்று போட்டிருந்தது. கூட்டாளிகள் கேலி செய்தார்களாம், கொடுத்த காசுக்குப் பேரிங் கம்மி என்று. விலையில் எனக்கும் வருத்தம்தான். நாலாயிரம் ரூபாய்க்குள் இந்த லட்சணமெல்லாம் ஒன்றாகக் கிடைப்பது அரிது. அதற்கு மேல் கொடுக்க முடியாதென்றால், நல்ல ஸ்பின்னிங் ரீல் ஒன்றை வாங்கிக்கொண்டு, தழை குறைந்த இடத்தில் மீன் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம் என்பேன். மலிவு பெய்ட்காஸ்டரை விட மலிவு ஸ்பின்னிங் ரீல் எத்தனையோ மேல்.

மலை ஈரம்

கீழே இருக்கிறவர்களுக்கு இல்லாத தொல்லை ஒன்று மேலே எங்களுக்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். செருப்பு, பெல்ட், புத்தகம் எல்லாம் பூஞ்சை பூக்கும். கடல் உப்பு கிடையாது, நன்னீர்தானே என்று ரீலை அப்படியே விட்டால் ஸ்பூல் பேரிங்தான் முதலில் துருப் பிடிக்கும். தோல் பெட்டி பார்க்க அழகு, ஆனால் அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். என் ரீலை அதிலிருந்து எடுத்துப் பல காலம் ஆகிறது. இப்போது பருத்தித் துணியில் சுற்றி, அடுப்படிக்குப் பக்கத்துச் சுவரில் தொங்குகிறது. அணையில் வெயிலில் காய்ந்த ரீலைப் பையில் பூட்டி, சாயங்காலம் பெரும்பாறை வழியாக ஏறி வந்து அப்படியே வைத்துவிட்டால், உள்ளே இருக்கிற வெக்கைக் காற்றின் ஈரம் குளிர்ந்து தண்ணீராகக் கோத்துக்கொள்ளும். வந்ததும் பக்கத் தகட்டைத் திறந்து, ஸ்பூலை வெளியே எடுத்து இரவு முழுக்கக் காற்றாட வைப்பது பழக்கமாகிவிட்டது. பிரெய்டு தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஸ்பூலோடு அதுவும் உலர வேண்டும்.

பேரிங்குக்கு மெல்லிய எண்ணெய், கியருக்கு கிரீஸ். பின்தடுப்பு கிளட்சில் மட்டும் கிரீஸ் போகவே கூடாது. உருளைகள் வழுக்க ஆரம்பித்தால் கைப்பிடி பின்னால் சுழன்று விரல் முட்டியைப் பதம் பார்க்கும். அதில் மெல்லிய எண்ணெய், அதுவும் தொட்டும் தொடாமலும். கெட்டியான வண்டி கிரீஸை அள்ளிப் பூசுகிறவர்களும் உண்டு. மார்கழிக் குளிரில் அது மெழுகாகிவிடும், கைப்பிடி நகராது. வீட்டுக்கு வந்ததும் டிராக்கை முறுக்குகிற நட்சத்திரத் திருகைத் தளர்த்திவிட வேண்டும், முறுக்கியே வைத்தால் வாஷர்கள் அமுங்கிப்போய் அடுத்த முறை விட்டு விட்டுப் பிடிக்கும். குழாயடியில் பீய்ச்சிக் கழுவுவது கெடுதல். வெளியே இருக்கிற மணல் உள்ளே போகும். ஈரத் துணியால் துடைத்தால் போதும். ஆனால் கிரீஸையும் எண்ணெயையும் விட முக்கியமானது, மீனைக் கழற்றுகிற அவசரத்தில் ரீலைக் கரை மணலில் படுக்க வைக்காமல் இருப்பது. மறைத்தண்டு திறந்தபடிதான் இருக்கும். ஒரு சிட்டிகை மணல் அதில் விழுந்தால், நகம் அதைத் தண்டு முழுக்கத் தேய்த்துக்கொண்டே போகும்.

பழனி மலையிலும் நீலகிரியிலும் எஸ்டேட் பக்கத்து வீடுகளில் பரணில் இப்படிப் பழைய ரீல்கள் இன்னும் கிடக்கின்றன என்று நினைக்கிறேன். ஒன்று கையில் அகப்பட்டால், எடுத்த எடுப்பில் பலவந்தமாகச் சுற்ற வேண்டாம். பக்கத்தைத் திறந்தால் பச்சையாக உறைந்த கிரீஸ் இருக்கும். அது பித்தளையின் களிம்பு, பார்த்துப் பயப்படத் தேவையில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். உப்புத் தாள் மட்டும் போடாதீர்கள். கழற்றும்போது ஒவ்வொரு படிக்கும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாகம் ஏதாவது மாற்ற வேண்டி வந்தால், அடிப்பாதத்தில் இருக்கிற எண்ணையும் சேர்த்து அனுப்பிக் கேளுங்கள். மாடல் பேர் ஒன்றாகவே இருந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு உள்ளே சில பாகங்கள் மாறியிருக்கும்.